குறுவை வயலின் மீத்தேனுக்கு எந்தக் கணினி மாதிரி? டிஎன்டிசி, டேசென்ட், டிசாட், ஏப்சிம் ஒப்பீடு

காவிரிப் படுகை நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் எவ்வளவு குறையும், நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு ஏறும், விளைச்சல் தாங்குமா, மண்ணின் கரிமம் இருபது ஆண்டில் என்ன ஆகும்? ஆய்வு மாணவரோ கார்பன் வரவுத் (கார்பன் கிரெடிட்) திட்டம் எழுதுபவரோ, இந்த நான்கையும் ஒரே மென்பொருளில் போட்டு விடை எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் தேடத் தொடங்குவார். நான்குக்கும் எண் தரும் மென்பொருள்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பிறந்த இடம் வேறு. அங்கே எதை அளந்து பார்த்து எழுதினார்களோ அதில்தான் அது கெட்டி. நெல் வயலைப் பொறுத்தவரை, கரிமச் சுழற்சியையும் நைட்ரஜன் சுழற்சியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட, வரப்புக்குள் நிற்கும் நீரை அந்த மாதிரி எப்படிக் கையாள்கிறது என்பதே முடிவை ஆட்டிவைக்கிறது. அதனால் தேர்வையும் நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு கைக்கணக்கு

எந்த மென்பொருளையும் நிறுவும் முன், ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி பசுங்குடில் வாயுக் கணக்கெடுப்புக்குத் தந்த வழிகாட்டியின் 2019 திருத்தத்தில் உள்ள எளிய சமன்பாட்டை ஒரு தாளில் போட்டுவிடுவது நல்லது. பிற்பாடு மாதிரி தரும் எண் நம்பத்தக்கதா என்று பார்க்க இதுவே அளவுகோல். தெற்காசியாவுக்கு அது தரும் அடிப்படை அளவு, எக்டருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன், 0.58 முதல் 1.26 வரை போகலாம் என்று அதுவே சொல்கிறது. 110 நாள் குறுவை ரகத்தில் நாற்றங்கால் 25 நாளைக் கழித்தால் நடவு வயலில் 85 நாள். நீர் வற்றாமல் நிறுத்தினால் 0.85 × 85 = 72 கிலோ. பலமுறை வடித்துப் பாய்ச்சினால் பெருக்கும் காரணி 0.55, அதாவது 40 கிலோ. குறைவது 32.5 கிலோ, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பமூட்டும் என்ற கணக்கில் சுமார் 910 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

நைட்ரஸ் ஆக்சைடு பக்கமும் போட்டுப் பார்க்க வேண்டும். எக்டருக்குத் தழைச்சத்து 150 கிலோ இடுவதாகக் கொள்வோம். நீர் தேக்கி நிறுத்திய வயலுக்குக் காரணி 0.003, வடித்த வயலுக்கு 0.005. நைட்ரஜனை நைட்ரஸ் ஆக்சைடாக்க 44/28 ஆல் பெருக்கினால் 0.71 கிலோ, 1.18 கிலோ. 265 மடங்குக் கணக்கில் கூடுதல் 125 கிலோ. ஆக, மீத்தேனில் கிடைத்த ஆதாயத்தில் ஏழில் ஒரு பங்கு இந்தப் பக்கம் கரைகிறது. நிகரம் 785 கிலோ.

வைக்கோலைச் சேர்த்தால் படமே மாறிவிடும். நடவுக்கு 30 நாளுக்குள் எக்டருக்கு 2 டன் உலர் வைக்கோலை மடக்கி உழுதால் காரணி (1 + 2) இன் 0.59 அடுக்கு, அதாவது 1.91. நீர் தேக்கி நிறுத்திய வயலின் 72 கிலோ 138 ஆகிறது. அதே வைக்கோலை 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்டால் காரணி 1.21 தான். குறுவையை அறுவடை இயந்திரம் உயரமான அரிதாளோடு விட்டுப்போன வயலில், உடனே சேறடித்துத் தாளடி நடும் பழக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். நீர் மேலாண்மையை மட்டும் மாதிரியில் மாற்றிப் பார்த்துவிட்டு அரிதாளைக் கண்டுகொள்ளாத ஆய்வு, பெரிய எண்ணை விட்டுச் சின்ன எண்ணைத் துரத்துகிறது.

அளந்த வாயுத் தரவு எதுவும் கையில் இல்லை, மாவட்ட அளவில் ஒரு மதிப்பீடு போதும் என்றால் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. சரிபார்க்காத பெரிய மாதிரி இதைவிடத் துல்லியமானது அல்ல. புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடுதலாகத் தெரியும், அவ்வளவே. வயலுக்கு வயல் மண் மாறுவதையும், பருவத்துக்குள் எந்த நாளில் வாயு எழுகிறது என்பதையும் காட்ட வேண்டுமானால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

டிஎன்டிசி: மீத்தேனே கேள்வி என்றால்

சாங்ஷெங் லீ குழு 1992 இல் வெளியிட்டு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் வளர்த்த மாதிரி இது. நைட்ரேட் சிதைவையும் மட்கு சிதைவையும் பெயரிலேயே வைத்திருக்கிறது. மண்ணில் ஆக்சிஜன் குறையக் குறைய, காற்றில்லாப் பகுதி ஒரு பலூனைப்போல் விரிவதாக இது கணக்கிடுகிறது. நீர் கட்டியதும் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக ஒடுக்கம் நடந்து, மண்ணின் ஒடுக்க மின்னழுத்தம் (மண்ணில் ஆக்சிஜன் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று காட்டும் அளவு) மைனஸ் 150 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கிய பிறகே மீத்தேன் உருவாகத் தொடங்கும். இந்த வரிசையை வெளிப்படையாக எழுதியிருப்பதுதான் நெல்லுக்கு இதன் பலம். கலிபோர்னியா காற்று வள வாரியம் 2015 இல் நெல் சாகுபடிக்கான கார்பன் ஈட்டு நெறிமுறையை ஏற்றபோது இதைத்தான் கணக்கீட்டுக் கருவியாக வைத்தது.

உள்ளீடு குறைவு என்பது இன்னொரு வசதி. அன்றாட அதிக, குறைந்த வெப்பநிலை, மழை. மண்ணின் களிமண் பங்கு, கார அமில நிலை, பரும அடர்த்தி, கரிமம். பயிர் மேலாண்மைத் தேதிகள். விண்டோஸில் பெட்டிகளை நிரப்பினால் ஓடிவிடும். எளிதாக ஓடுவதால்தான் பிழையும் எளிதாக நுழைகிறது.

மண் கரிமத்தைக் கிலோவுக்குக் கிலோ என்ற அலகில் கேட்கும்; மண் ஆய்வு அறிக்கை விழுக்காட்டில் தரும். 0.6 விழுக்காடு என்றால் 0.006. சில அறிக்கைகள் கரிமத்துக்குப் பதில் கரிமப் பொருளைத் தரும், அதை 1.724 ஆல் வகுக்காமல் போட்டால் மண் முக்கால் மடங்கு கூடுதல் வளமாகிவிடும். மழையைச் சென்டிமீட்டரில் கேட்கும். நம் வானிலைத் தரவு மில்லிமீட்டரில் இருக்கும். 50 மி.மீ. மழை 50 செ.மீ. ஆனாலும் மென்பொருள் முனகாது, வயல் மூழ்கியபடியே ஓட்டி முடிக்கும். விளைச்சலைக் கரிமக் கிலோவில் கேட்கும். 14 விழுக்காடு ஈரத்தில் 5,500 கிலோ நெல் என்றால், உலர் எடை 4,730; அதில் 40 விழுக்காடு கரிமம் எனக் கொண்டு 1,892 என்று இட வேண்டும். இங்கே 5,500 ஐ அப்படியே இட்டால் பயிர் ஏறத்தாழ மூன்று மடங்கு வளர்ந்து, வேரிலிருந்து கசியும் கரிமமும் அதே அளவு கூடி, மீத்தேன் எகிறும்.

பயிரின் மொத்த வெப்பக்கூறையும் (நாள்தோறும் பயிர் பெறும் வெப்பத்தின் கூட்டுத்தொகை) உள்ளூருக்கு மாற்றியே ஆக வேண்டும். வயலில் 85 நாள், சராசரி 30 டிகிரி என்றால் 2,550 டிகிரி நாள். இதிலிருந்து மாதிரி எடுத்துக்கொள்ளும் அடிப்படை வெப்பநிலைக்கு உரியதைக் கழித்துக்கொள்ள வேண்டும். முன்னிருப்பு எண்ணை விட்டுவைத்தால் படுகை வெயிலில் பயிர் காகிதத்தில் முன்கூட்டியே முற்றி, கடைசி வாரங்களில் வேரே இல்லாத வயல்போல் கணக்கு ஓடும். நெற்பயிரின் தண்டு வழியேதான் மீத்தேனின் பெரும்பங்கு வெளியேறுகிறது என்பதால் இது சின்னப் பிழை அல்ல.

காய்ச்சல் பாய்ச்சலைப் பொருத்தும் இடத்தில் எச்சரிக்கை தேவை. டிஎன்டிசியில் மாற்று நனைப்பு என்று தேர்ந்தெடுத்தால், நீர்மட்டம் தரைக்கு மேலும் கீழும் 5 செ.மீ. அளவில் ஊசலாடுவதாக எடுத்துக்கொள்ளும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையோ தரைக்குக் கீழ் 15 செ.மீ. வரை இறங்கவிட்டு மறுபடி 5 செ.மீ. கட்டச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. துளையிட்ட 30 செ.மீ. குழாயை வயலில் பதித்து நாள்தோறும் நீர்மட்டம் அளந்து, அளந்த நீர்மட்டக் கோப்பாகவே கொடுப்பதுதான் சரி. அந்தத் தரவு இல்லையென்றால் நீர் கட்டிய தேதி, வடிந்த தேதி என்று ஒவ்வொரு சுற்றையும் தனியாக இட வேண்டும்.

நீர்க்கசிவு வீதத்தை ஊகிக்கத் தேவையில்லை. மழையில்லாத நாளில் மடையை அடைத்து, வயலில் அளவுகோல் நட்டு, மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 6 மணிக்கும் மட்டம் பார்க்கலாம். இரவில் ஆவியாவது மிகக் குறைவு. இறங்கிய அளவை இரட்டித்தால் நாள் கசிவு. சேறடித்த களத்தூர் வகைக் களியில் இது சில மில்லிமீட்டரே இருக்கும். ஆற்றோர மணற்பாங்கான வயலில் பல மடங்கு.

இதன் பலவீனங்களும் தெளிவானவை. அடிப்படைப் பதிப்பு மேல் 50 செ.மீ. மண்ணையே பார்க்கிறது, அதையும் ஒரே சீரான மண்ணாக எடுத்துக்கொள்கிறது. நைட்ரேட் கசிவு உங்கள் கேள்வி என்றால், ஆழத்தையும் அடுக்கு வேறுபாட்டையும் சேர்த்த கனடா பதிப்பைப் பாருங்கள். இரும்பு மிகுந்த மண்ணில் மீத்தேன் தொடங்கும் நாள் தவறினால், ஒடுங்கக்கூடிய இரும்பை உள்ளீடாக ஏற்கும் ஜப்பானியப் பதிப்பான டிஎன்டிசி-ரைஸ் இருக்கிறது. நாகப்பட்டினம் கடைமடையின் உவர் மண்ணிலும் ஜிப்சம் இட்ட வயலிலும் சல்பேட் மீத்தேனை அடக்கும். அதை அளந்து கொடுக்காவிட்டால் மாதிரி கூட்டித்தான் சொல்லும்.

டேசென்ட்: இருபதாண்டுக் கரிமம் கேள்வி என்றால்

1987 இல் வந்த செஞ்சுரி மாதிரியின் அன்றாட வடிவம் இது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பார்ட்டன் குழு வளர்த்தது; அமெரிக்காவின் தேசியப் பசுங்குடில் வாயுக் கணக்கெடுப்பில் வேளாண் மண்ணுக்குப் பயன்படுகிறது. மண் கரிமத்தை வேகமாகச் சிதைவது, மெதுவாகச் சிதைவது, நூற்றாண்டுகள் நிற்பது என மூன்று கிடங்காகப் பிரிக்கும். நைட்ரஸ் ஆக்சைடை மண் துளைகளில் நீர் நிரம்பிய விழுக்காட்டை வைத்துக் கணக்கிடும். நெல்லின் மீத்தேன் பின்னால் சேர்ந்த பகுதி. புல்வெளியிலும் புன்செயிலும் இதற்குள்ள முதிர்ச்சி நன்செயில் இல்லை.

எல்லாமே எழுத்துக் கோப்புகள். பெட்டி நிரப்பும் திரை கிடையாது. பயிர், இடம், அட்டவணை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. ஒரு வெற்றிடம் இடம் மாறினாலும் நின்றுவிடும், அல்லது நிற்காமல் தவறாக ஓடும். இரண்டாவதுதான் ஆபத்து. மழை இங்கேயும் சென்டிமீட்டரில். வெளியீட்டில் கரிமம் சதுர மீட்டருக்குக் கிராமிலும், நைட்ரஜன் வாயுக் கோப்பு எக்டருக்குக் கிராமிலும் வரும். சேர்த்துக் கூட்டினால் பத்தாயிரம் மடங்குப் பிழை.

படுகையில் உண்மையான சிக்கல் வேறு. மூன்று கிடங்குகளையும் சமநிலைக்குக் கொண்டுவர, சில ஆயிரம் ஆண்டு இயற்கைத் தாவரத்தோடு ஓட்டிவிட்டுப் பிறகு வேளாண்மையைத் தொடங்குவது டேசென்டின் வழக்கம். அமெரிக்கப் புல்வெளிக்கு அது பொருந்தும்; உழவு அங்கே நேற்று வந்தது. கல்லணைக்குக் கீழே எந்த இயற்கைத் தாவரத்தை இடுவது? இங்கே ஒருபோக நெல்லையே நீண்ட காலம் ஓட்டி, பிறகு இரசாயன உரமும் குட்டை ரகமும் வந்த 1960களின் பிற்பகுதியில் மேலாண்மையை மாற்றி, இன்றைய அளந்த கரிமத்தோடு பொருத்துவதே உருப்படியான வழி. பொருந்தவில்லை என்பதற்காகச் சிதைவு வீதத்தைத் திருகாதீர்கள்; முதலில் வயலுக்குத் திரும்பும் வைக்கோல், வேரின் அளவைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

காய்ச்சல் பாய்ச்சலால் மண் கரிமம் குறைகிறதா என்பதற்கு டேசென்டே பொருத்தம், டிஎன்டிசி அல்ல. ரோத்சி என்ற மண் கரிம மாதிரியை இதற்கு எடுக்க வேண்டாம். எளிமையானது, மாத அளவில் ஓடுவது, இலவசம், எல்லாம் சரி. ஆனால் நீர் தேங்கும் மேல்மண்ணுக்கு உரியதல்ல என்று அதன் கையேடே சொல்கிறது. நிலக்கடலை, மக்காச்சோள நிலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிசாட், ஏப்சிம்: விளைச்சலும் நீரும் கேள்வி என்றால்

டிசாட் என்ற பயிர் வளர்ச்சி மாதிரித் தொகுப்பின் நெல் பகுதி சீரஸ்-ரைஸ். ரகத்தை ரகமாகப் பார்ப்பதில் மற்ற இரண்டும் இதனிடம் நிற்க முடியாது. குறுகிய கால ரகமான ஆடுதுறை 43 க்கும் நீண்ட கால ரகமான சி.ஆர். 1009 க்கும் உள்ள வேறுபாடு டிஎன்டிசியில் விளைச்சல், நாள் என்ற இரண்டு எண்ணில் அடங்கிவிடும். டிசாட்டில் இளம்பயிர்க் கால வெப்பக்கூறு, பகல் நீள உணர்வு, மணி நிரம்பும் காலம், மணி எடை என்று ரகக் கெழுக்கள் தனித்தனியே உண்டு. வெப்பக்கூறுக்கு அடிப்படை 9 டிகிரி. பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கும் நீண்ட கால ரகத்துக்கு இது இன்றியமையாதது. கெழுவை ஒரே விதைப்புத் தேதித் தரவில் பொருத்தக் கூடாது. வெப்பக்கூறும் பகல் நீள உணர்வும் ஒன்றையொன்று ஈடுகட்டி, அந்தத் தேதிக்கு மட்டும் சரியாக வந்து, அடுத்த தேதியில் பத்து நாள் தவறும். குறைந்தது மூன்று தேதிகள் வேண்டும். பூக்கும் நாளை முதலில் பொருத்தி, பிறகு முற்றும் நாள், கடைசியில் விளைச்சல்.

புதிதாக வருவோர் டிசாட்டில் செய்யும் பெரிய தவறு, பாசனப் பகுதியில் வரப்பு உயரம், கசிவு வீதம், சேறடிப்பு மூன்றையும் நிரப்பாமல் விடுவது. அப்போது மாதிரிக்கு அது மேட்டு நெல். ஊற்றிய நீரெல்லாம் கீழே இறங்கிப்போகும், யூரியாவும் நைட்ரேட்டாகி உடன் போகும், விளைச்சல் பாதியாகும். ‘மாதிரி நம் ஊருக்குப் பொருந்தவில்லை’ என்று எழுதும் அறிக்கைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மீத்தேனுக்கு, சீரஸ்-ரைஸ் மேல் கட்டிய மெரெஸ் என்ற வழி 2000 முதல் உண்டு. ஆனால் அதைச் சரிபார்த்த அனுபவம் டிஎன்டிசி அளவுக்குக் குவியவில்லை.

ஏப்சிம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அதன் நெல் பகுதி, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் எழுதிய ஒரைசா மாதிரியிலிருந்து வந்தது. வரப்புக்குள் நிற்கும் நீரைக் குளமாகவே கணக்கிடும் தனிப் பகுதி இதில் இருக்கிறது. பாசி, நீரின் கார நிலை, அதனால் பறக்கும் அம்மோனியா வரை பார்க்கும். சம்பா அறுவடைக்கு முன் உளுந்து தெளித்து, மிச்ச ஈரத்தில் அது விளைந்து, மறுபடி ஜூனில் சேறடிக்கும் சுழற்சியை, இடையில் மண் ஈரமும் தழைச்சத்தும் அறுந்துபோகாமல் தொடர்ந்து ஓட்ட இதுவே வசதி. ‘15 செ.மீ. இறங்கினால் பாய்ச்சு’ என்ற விதியையும் அப்படியே எழுதலாம். தேதி கொடுக்கத் தேவையில்லை. மீத்தேனுக்காக இதைத் தேடிப் போக வேண்டாம்.

எல்லாவற்றிலும் இடறும் இடங்கள்

இந்திய வானிலைத் துறையின் ஒருநாள் மழை, காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, அளந்து முடித்த நாளின் பெயரில் பதிவாகிறது. செயற்கைக்கோள் வழி வரும் சூரியக் கதிர் தரவின் நாள் எல்லை வேறு. இரண்டையும் ஒட்டினால் அடைமழை நாளில் கொளுத்தும் வெயில் காட்டும். நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துச் சராசரி தரும் தரவில் ஐப்பசி மழையின் உச்சங்கள் மழுங்கி நாலைந்து நாள் தூறலாகப் பரவும். நீரோட்டக் கணக்கு அதில் கெட்டுப்போகும். மழையை மட்டுமாவது அருகிலுள்ள மழைமானியிலிருந்து எடுங்கள்.

அடுத்தது தாளடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் படுகை வயலை வடிப்பது உழவர் கையில் இல்லை. வாய்க்காலே நிரம்பி நிற்கும்போது நீர் எங்கே போகும்? மாதிரியிடம் ‘வடி’ என்று தேதி கொடுத்தால் கேள்வி கேட்காமல் வடித்து, மீத்தேனைப் பாதியாக்கிக் காட்டும். குறுவையில் கண்ட குறைப்பைத் தாளடிக்கும் பெருக்கி எழுதிய திட்ட அறிக்கை இப்படித்தான் பொய்யாகிறது. குறுவையிலும் வடிமுனைக் குழாய்க் கிணறு உள்ள வயலில் காய்ச்சல் பாய்ச்சல் உழவரின் விருப்பம். முறை நீரை நம்பிய வயலில் வாய்க்காலின் விருப்பம். இரண்டையும் தனித்தனிக் குழுவாக ஓட்ட வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

நிகர வாயுக் குறைப்புக்குக் கார்பன் வரவு கேட்கிறீர்கள், வயலில் மூடுகலன் (எழும் வாயுவைப் பிடித்து அளக்கும் பெட்டி) வைத்து ஒரு பருவமாவது அளக்க முடியும் என்றால் டிஎன்டிசி. ரகம், நடவுத் தேதி, எதிர்கால வெப்பநிலை பற்றிய கேள்வி என்றால் டிசாட். நெல்–உளுந்துச் சுழற்சியில் நீர்ச் சிக்கனம் என்றால் ஏப்சிம். வைக்கோலை எரிக்காமல் மடக்கினால் மண் என்ன ஆகும் என்றால் டேசென்ட். விளைச்சலும் மீத்தேனும் இரண்டும் வேண்டும் என்போர், டிசாட்டில் விளைச்சலையும் பயிர் நாளையும் பொருத்தி, அந்த எண்களை டிஎன்டிசிக்கு உள்ளீடாகக் கொடுப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருக ஆரம்பித்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது.

பொருத்தும் வரிசையை மாற்றாதீர்கள்: பயிர் நாட்கள், விளைச்சல், வயல் நீர்மட்டம், மண் வெப்பநிலை, ஒடுக்க மின்னழுத்தம், பருவ மீத்தேன், கடைசியில் நைட்ரஸ் ஆக்சைடு. நீர்மட்டம் தவறாக இருக்கும்போது மீத்தேனைப் பொருத்தினால், ஒரு தவறை இன்னொன்றால் மறைத்ததாகும். நீர் முறையை மாற்றியதும் மறைத்தது வெளியே வரும். நீர் தேக்கி நிறுத்திய பாத்தியில் பொருத்தி, காய்ச்சல் பாய்ச்சல் பாத்தியில் கைவைக்காமல் சோதியுங்கள். ஆர்-ஸ்கொயர் உயர்வாக இருப்பதில் மயங்க வேண்டாம். எல்லா நாளும் இரண்டு மடங்கு சொன்னாலும் அது 1 ஆகவே இருக்கும். சராசரிப் பிழையையும் பருவ மொத்தத்தின் விலகலையும் சேர்த்துக் காட்டுங்கள்.

டிஎன்டிசி மீத்தேனைக் கரிமக் கிலோவிலும், நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜன் கிலோவிலும் தரும். வயல் அளவோடு ஒப்பிடும் முன் முதலாவதை 16/12 ஆலும் இரண்டாவதை 44/28 ஆலும் பெருக்க வேண்டும்.

பணம் ஒரு பருவத்துக்குத்தான் இருக்கிறது என்றால், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் காலண்டர் பார்த்து மூடுகலன் வைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். மீத்தேன் மெதுவாக ஏறி இறங்குவது. அதற்கு வார அளவு போதும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல. யூரியா இட்ட பிறகும், காய்ந்த வயலில் நீர் ஏறிய பிறகும் ஓரிரு நாளில் துள்ளி, சில நாளில் அடங்கிவிடும். மாதிரி காட்டும் உச்சம் உண்மையா பொய்யா என்று சொல்ல அந்த நாட்களில் அடுத்தடுத்து அளந்த தரவு வேண்டும். ஒரு மேலுரத்துக்குப் பிறகு நான்கு நாள், ஒரு காய்ச்சல் சுற்றுக்குப் பிறகு நான்கு நாள், தொடர்ந்து காலை 9 முதல் 11 மணிக்குள் எடுங்கள். கூடவே நீர்மட்டக் குழாயை நாள் தவறாமல் பாருங்கள். அதற்கு ஓர் அளவுகோலும் நோட்டும் போதும்.